குறுக்கிடும் உரிமை

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசும் மாதிரி ஐ.நா. மாநாட்டின் விதிப் புத்தகத்தைப் புரட்டிய அன்றே அவள் பெயர் கொடுத்துவிட்டாள். ஆனால் வாரம் முழுக்க ஒரே ஒரு விதியைத்தான் ஒத்திகை பார்த்தாள்.

"எல்லாரும் பேசக் கத்துக்கிறாங்க. நீ குறுக்கிட மட்டும் கத்துக்கிறியே" என்றாள் தோழி.

"எனக்கு அது போதும்டி."

மாநாட்டில் வேறொரு நாட்டின் சார்பில் ஒரு மாணவன் மளமளவென்று பேசிக்கொண்டே போனான். அவள் தன் நாட்டின் பெயர் அட்டையை உயர்த்தினாள்.

"தலைவர் அவர்களே, எனக்குக் கேட்கலை. அவரை என் பக்கம் திரும்பி, சத்தமாப் பேசச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"விதிப்படி சரி. கேட்கலைன்னா யாரும் குறுக்கிடலாம்" என்றாள் தலைமை வகித்த மாணவி. அவனும் திரும்பி நின்று முதலிலிருந்து பேசினான்.

வகுப்பில் கேட்காததற்கெல்லாம் தலையாட்டியே பத்து வருஷத்தை ஓட்டியவளுக்கு, அப்பாடா என்றிருந்தது. காது மெஷினை மறைத்திருந்த முடியை எடுத்துக் கொண்டையாகப் போட்டுக்கொண்டாள்.