மடையான் மூடி வைத்த வெள்ளை

மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், பெரிய பட்டணத்து ஏரிக்கு வெளியூர்க்காரர்கள் பறவை பார்க்க வேனில் வந்து இறங்கினார்கள். கரையில் சேற்று நிறத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது மடையான் கொக்கு. இந்த வருஷமாவது தன்னையும் ஒருத்தர் ஆசையாகப் பார்க்க மாட்டாரா என்று அதற்கு ஏக்கம்.

பக்கத்துக் கல்லில் இறகு காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகம், "உட்கார்ந்திருந்தா நீ சேத்து உருண்டைதான்டி. றெக்கையை விரிச்சாத்தானே உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். பற!" என்றது.

"போக்கா, இத்தனை பேர் முன்னாலயா? வெட்கமா இருக்கு. அசையாம இருந்தாத்தான் படம் நல்லா விழுமாம்," என்று மடையான் கழுத்தைச் சுருக்கிக்கொண்டது.

ஒருவர் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார். "ஒண்ணுமில்லப்பா, குருட்டுக் கொக்கு. மிதிக்கப் போனாலும் பறக்காது," என்று சொல்லிவிட்டு, தூரத்தில் நீந்திய சீமை வாத்துகளைப் பார்க்கப் போய்விட்டார்.

வெயில் ஏறியதும் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். வேன் உறுமிய சத்தத்தில் மடையான் பதறி எழும்பியது. பால் கொட்டினாற்போல றெக்கை இரண்டும் வெளேரென்று விரிய, ஜன்னலை உரசிக்கொண்டு பறந்தது.

உள்ளே எல்லாரும் தலையைக் குனிந்து, எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.