கருங்காலி வாத்தியார்

“கருங்காலி சம்சாரம் வர்றாங்க. வழி விடுங்க, வழி விடுங்க!”

காய்கறிக் கடையில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றவளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. தக்காளி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வாத்தியார்கள் எல்லாரும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். பட்ஜெட்டில் படிப்புக்கு ஒதுக்கப் பணமில்லை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இனி பென்ஷனும் கிடையாது என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஒருத்தர் மட்டும் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய் வந்தார். இத்தனைக்கும் அவரும் புதிதாகச் சேர்ந்தவர்தான். பென்ஷன் போனது அவருக்கும்தான்!

“உங்களுக்கும் சேர்த்துத்தானே அவங்க வெயில்ல கிடக்கறாங்க?” அன்று காலையில் கேட்டேவிட்டாள்.

“பரீட்சை எழுதப் போற பசங்க இருக்காங்கல்ல.”

“அந்த அக்கறை மத்தவங்களுக்கு இல்லையா? நீங்க ஒருத்தர்தான் உலகத்துல நல்லவரா? கடைப் பக்கம் தலை காட்ட முடியல எனக்கு.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாப்பாட்டையும் எடுக்கவில்லை.

கோபம் இருந்தாலும் பட்டினி போட மனசு வருமா? மத்தியானம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தெருமுனையிலேயே கோஷம் கேட்டது.

“உழைத்த எங்கள் ஓய்வூதியம் எங்கே?”

“எங்கே, எங்கே?”

“கூட இருந்தே குழிபறித்த கருங்காலி எங்கே?”

“உள்ளே, உள்ளே!”

கோஷம் போட்டது மைக் டீச்சர். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல், அதனால் அந்தப் பேர். எதிர்ப்பக்கம் கல்வி ஆபீஸ் ஜீப் ஒன்று நின்றது. அதில் இருந்த ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேர் என்ன என்று யாராவது கேட்டால்கூடக் குழந்தையின் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்கிறவள் அவள். அன்றைக்கு என்ன வந்ததோ!

“ஏன் டீச்சர், உள்ள உக்காந்திருக்கறது நீங்க வளர்த்த பசங்கதானே? பரீட்சையில கோட்டை விட்டா, உங்க பென்ஷனா வந்து எழுதிக் கொடுக்கும்? எங்க வீட்டுக்காரர் கெட்டவராவே இருந்துட்டுப் போறார். அவராவது உள்ள இருக்காரே!”

பந்தலில் நாலைந்து பேர் ஜீப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மைக் டீச்சர் எழுந்து வந்தார். “சரி சரி, டிபனை இப்படிக் கொடு. நான் கொடுத்து அனுப்பறேன்.”

“வேணாம். நீங்க விஷம் கலந்தாலும் கலப்பீங்க.”

“நில்லும்மா! உள்ள போகாதே!”

அவள் நிற்கவில்லை. விறுவிறுவென்று வகுப்புகளைக் கடந்து போனாள்.

கடைசி வகுப்பு வாசற்படியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். காவல்காரன் மாதிரி! இவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

“பாடம் நடத்தாம இங்க என்ன பண்றீங்க?”

“மெதுவாப் பேசு.”

உள்ளே யாரோ கணக்கு சொல்லிக்கொடுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். கரும்பலகை முன்னால் நின்றது கணக்கு வாத்தியார். நேற்று பந்தல் வாசலில் அவள் வீட்டுக்காரரை அடிக்கப் பாய்ந்தார் என்று ஊரே பேசிய அதே மனுஷன்! சட்டையில் போராட்டக் கறுப்பு பேட்ஜ் அப்படியே இருந்தது.

“இவர் எப்படி இங்க...?”

“பின் கேட் வழியா.” மூச்சு வாங்க வந்து நின்றார் மைக் டீச்சர். “நாங்க எல்லாருமே முறை வச்சு வந்து நடத்திட்டுப் போறோம். சம்பளம் போகுது, போகட்டும். அது எங்க சண்டை. பசங்க படிப்பு ஏன் போகணும்?”

அவள் டிபன் பாக்ஸை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

“எல்லாரும் வெளிய உக்காந்தா பள்ளிக்கூடத்தையே பூட்டிடுவாங்க. ஒருத்தராவது உள்ள வந்து கையெழுத்துப் போடணும். காலத்துக்கும் கருங்காலிங்கற பேரைச் சுமக்கணும். யார் போறீங்கன்னு கேட்டப்போ, சீனியர் நாங்க எல்லாம் தரையைப் பார்த்தோம். கையைத் தூக்கினது உன் வீட்டுக்காரர்தான்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் டிபன் பாக்ஸைத் திறப்பதிலேயே மும்முரமாக இருந்தார். கல்யாணத்தன்றுகூட இப்படி ஆசையாகப் பார்த்ததில்லை அவள்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா கடைத்தெருவுல உன் முகமே காட்டிக் கொடுத்துடும்.”

கணக்கு வாத்தியார் வெளியே வந்தார். மைக் டீச்சர் அவரிடமிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

“இப்ப என் பீரியட். ரொம்ப நேரம் என் சத்தம் கேக்கலேன்னா ஜீப்காரனுக்குச் சந்தேகம் வந்துடும். உன் தொண்டையும் லேசுப்பட்டது இல்ல, இப்பத்தானே கேட்டேன். குழந்தையை அவர்கிட்ட விட்டுட்டுப் போய் என் இடத்துல உக்காரு. நாங்க பேசி உன் மனசை மாத்திட்டோம்னு நினைச்சுக்கட்டும்.”

“ஐயோ, நானா? என்ன சொல்லிக் கத்தறது டீச்சர்?”

“வேற யாரை? உன் வீட்டுக்காரரைத்தான். வாய் நிறையத் திட்டு!”

குழந்தையை அவர் தோளில் சாய்த்துவிட்டு, போகிற வழியிலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டாள் அவள்.