ஏரியான சட்டை

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே தையல்காரி ஊசியை அவசரமாக ஒதுக்கி வைத்தாள்.

துணிகளை வெட்டி ஒட்டி, மலையும் வயலுமாகச் சுவர்ப்படம் தைப்பது அவள் தொழில். வாசலில் நிற்கும் அம்மாள் போன மாதம் தன் இறந்துபோன கணவரின் சட்டையைக் கொண்டுவந்து, "இதை ஏரி மாதிரி வச்சுத் தைங்க. அவர் கடைசியா போட்டது, துவைக்கவே இல்லை" என்று சொல்லியிருந்தாள்.

நேற்று இஸ்திரிப் பெட்டி ஏரியின் நடுவைக் கருக்கிவிட்டது. கருகியதை வெட்டியெறிந்து, அதே நீலத்தில் வேறு துணி வைத்து, ஒட்டு தெரியாதபடி விளிம்பெல்லாம் அலைகளாகத் தைத்து முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"என்ன, இப்படி வேர்க்குது? நான் என்ன கடிச்சா தின்னுடப்போறேன்?" என்றபடி உள்ளே வந்தாள் அம்மாள்.

"புழுக்கம்மா."

அம்மாள் மலையைப் பார்க்கவில்லை, வயலைப் பார்க்கவில்லை. நேராக ஏரியில் முகத்தைப் புதைத்தாள். கரையோரமாக மோந்துகொண்டே வந்தவள் நடுவில் நின்றுவிட்டாள்.

"ஓரமெல்லாம் இஸ்திரிச் சூட்டு வாசனைதான்," என்றாள் அம்மாள் கண் கலங்க. "இந்த நடுவுல மட்டும் அவர் அப்படியே இருக்கார்."

அப்போது பார்த்து உள்ளறையிலிருந்து தையல்காரியின் கணவன் குரல் கொடுத்தான்.

"இங்க பாரு, நேத்து நான் கழட்டிப் போட்ட நீலச் சட்டையில முதுகையே காணோம்?"

அம்மாள் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பிறகு ஏரியைப் பார்த்தாள். தையல்காரி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"வேற சட்டை போட்டுக்கச் சொல்லுங்க," என்றாள் அம்மாள், படத்தை மார்போடு அணைத்தபடி.