கை காட்டிய பக்கம்

“மேடம், அண்ணாந்து பாருங்க! எவ்வளவு பெரிய தேன்கூடு!”

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். அந்த நொடியில் காட்டைக் காக்கும் வாச்சர், பாதையோரக் கிளை ஒன்றைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். கிளையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்தி இருந்தது. மூக்கின் மேல் குட்டிக் கொம்பு. ஒரு கண்ணை முன்னாலும் ஒரு கண்ணைப் பின்னாலும் உருட்டிக்கொண்டு, இத்தனை கூத்தும் தனக்காகத்தான் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

“தேன்கூடா? வெறும் காய்ஞ்ச சருகுதானே அண்ணா அது?”

“அப்படிங்களா? தூரத்துல இருக்கிறது எனக்குச் சரியாத் தெரியறதில்லை மேடம். கண்ணை டெஸ்ட் பண்ணணும்.”

அறுபதடி மரத்தின் உச்சியில் அணில் கொட்டாவி விட்டால்கூடப் பார்த்துவிடும் மனிதர், கூசாமல் சொன்னார்.

காரணம் இருந்தது. கொம்புள்ள இந்தப் பச்சோந்தி உலகத்திலேயே இந்த ஒரு மலைக்காட்டில் மட்டும்தான் உண்டு. போன வருஷம் கண்ணாடியும் தாடியுமாக ஒருவர் வந்தார். பேராசிரியர் என்றார், ஆராய்ச்சி என்றார். வாச்சரும் வாயெல்லாம் பல்லாக, இதோ ஒன்று, அதோ ஒன்று என்று காட்டினார். மறுநாள் செக்போஸ்ட்டில் அந்த ஆளின் பெட்டியைத் திறந்தால், காலுறைக்கு ஒன்றாக ஒன்பது பச்சோந்திகள். ஆறு செத்திருந்தன.

வாச்சர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. இனி என் கையால் ஒன்றைக்கூட எவனுக்கும் காட்ட மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

இன்று காலை ரேஞ்சர், “யுனிவர்சிட்டியிலிருந்து மேடம் வந்திருக்காங்க. காட்டைச் சுத்திக் காட்டு” என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடிவிட்டார். மேடமும் கண்ணாடி போட்டிருந்தார். காலுறையும் போட்டிருந்தார், அதுவும் முழங்கால் வரைக்கும். அட்டை கடிக்காமல் இருக்கவாம். யாரிடம் காது குத்துகிறார்!

“மேடம், வலது பக்கம் பாருங்க, பாம்பு!”

“ஐயோ!” மேடம் அவசரமாக எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மேடம், அங்கே பாருங்க, குரங்கு!”

“எங்கே அண்ணா?”

“தாவிடுச்சு.”

ஒவ்வொரு தடவையும் மேடம் நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

“என்ன மேடம் எழுதறீங்க?” வாச்சருக்குக் கொஞ்சம் உதறல்தான்.

“நீங்க சொல்றதைத்தான் அண்ணா. தேன்கூடு ஒண்ணு, பாம்பு ஒண்ணு, குரங்கு ஒண்ணு.”

படித்தவர்கள் எவ்வளவு அப்பாவிகள் என்று வாச்சருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

மதியத்துக்குள் அவரிடம் இருந்த பொய்ச் சரக்கு தீர்ந்துவிட்டது. பதினோராவது பச்சோந்திக்கு, எதிர்ப்பக்கம் கையை நீட்டி, “அந்த மேகத்தைப் பாருங்க, எங்க மாமனார் மாதிரியே இருக்கு” என்றார். பன்னிரண்டாவதுக்கு ஒன்றும் தோன்றாமல் தானே தடுக்கி விழுந்து, சரிவில் நாலு முழம் உருண்டார்.

“அடி பட்டுடுச்சா அண்ணா?”

“அதெல்லாம் இல்லை மேடம். அடிக்கடி விழுவேன்.”

மேடம் ஜீப்பில் ஏறும்போது வாச்சர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். “ஒரு பச்சோந்தியைக்கூட உங்களுக்குக் காட்ட முடியலையே மேடம்.”

“பரவாயில்லை அண்ணா. நீங்க நிறையவே காட்டிட்டீங்க.” மேடம் ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார். “இதை ரேஞ்சர் சார்கிட்ட கொடுத்துடுங்க.”

பன்னிரண்டும் பத்திரம். வாச்சர் சிராய்ந்த முழங்கையைத் தடவியபடி விசிலடித்துக்கொண்டே ஆபீசுக்கு நடந்தார்.

நாலு மணிக்கு ரேஞ்சர் மூச்சிரைக்க வந்தார். “மேடம் போயாச்சா? எத்தனை காட்டினே?”

“ஒண்ணுகூட காட்டலை சார்!” வாச்சர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார். “அடப்பாவி மனுஷா! அவங்க பச்சோந்தியைக் கணக்கெடுக்க வந்தவங்கய்யா. குறைஞ்சது பத்து இருக்குன்னு அவங்க எழுதிக் கொடுத்தாத்தான் காடு தப்பும். இல்லேன்னா அடுத்த மாசமே ரோடு போட புல்டோசர் ஏறிடும்!”

“காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்...”

“சுத்திக் காட்டுன்னா, ஒளிச்சு வைப்பேன்னு எனக்கு ஜோசியமாய்யா தெரியும்?”

வாச்சர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் காட்டிக் கெடுத்தோம், இந்த வருஷம் காட்டாமல் கெடுத்தோமே என்று கண் கலங்கியது. ஜீப் இந்நேரம் மலையை விட்டே இறங்கியிருக்கும். அப்போதுதான் சட்டைப்பையில் இருந்த உறை ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்தபடியே எடுத்து நீட்டினார்.

ரேஞ்சர் கிழித்துப் பிரித்தார். படித்தார். புருவம் உயர்ந்தது. மறுபடி முதலிலிருந்து, இந்த முறை சத்தமாகப் படித்தார்.

“‘கொம்புப் பச்சோந்தி, நேரில் பார்த்தது: பன்னிரண்டு. ரோடு போட அனுமதிக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். அடுத்த கணக்கெடுப்புக்கும் தயவுசெய்து இந்த வாச்சரையே அனுப்புங்கள். அவர் கை காட்டிய பக்கத்துக்கும், கடைசியில் உருண்ட பக்கத்துக்கும் எதிர்ப்பக்கம் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.’”