பக்கத்துக் கூண்டு

கொத்திவிடாதே, என்று ஆய்வகக் கூண்டிலிருந்த கோழிக்குஞ்சிடம் மனதுக்குள் கெஞ்சினாள்.

கொத்தவும் கூடாதுதான். இரைப்பையில் சுரக்கிற ஹார்மோன் ஒன்றைக் காலையில் அவளே அதற்கு ஊசியில் ஏற்றியிருந்தாள். மனித உடம்பில் பசியைக் கிளப்பிவிடும் அதே சரக்கு, கோழியின் உடம்பில் பசியை அணைத்துவிடும்.

குஞ்சு தலையைச் சாய்த்து யோசித்தது. பிறகு தீனியைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது.

இத்தனை மாத உழைப்பும் அம்போ என்று நினைத்தாள்.

அப்புறம்தான் கவனித்தாள். இரண்டு கூண்டுகளுக்கும் நடுவே மறைப்பாக வைத்திருந்த அட்டை சரிந்து கிடந்தது. பக்கத்துக் கூண்டில், ஊசி போடாத குஞ்சு தீனியை வாரி இறைத்துத் தின்றுகொண்டிருந்தது. இது அதைப் பார்த்துப் பார்த்துக் கொத்தியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். பசியை அளக்க வேண்டுமென்றால் குஞ்சைத் தனியாக வை. எதிரே ஒன்று தின்றால், பசியே இல்லாததும் கூடச் சேர்ந்து கொத்தும்.

அட்டையை நிமிர்த்தப் போன கை பாதியில் நின்றது.

அம்மாவின் வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், செய்வதற்கு ஒன்றுமில்லை என்று தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்து யார் ஊட்டினாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவள் எதிரே உட்கார்ந்து, உனக்கொரு வாய் எனக்கொரு வாய் என்று தானும் சாப்பிட்டால் மட்டும் வாயைத் திறப்பாள்.

பசி திரும்பிவிட்டது என்று வீடு முழுக்கச் சொன்னவள் இவள்தான். பசியை அளப்பதே இவள் தொழில் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

ஒவ்வொரு முறையும் சாப்பிட்ட பிறகு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, குமட்டும் சத்தம் வெளியே கேட்காதபடி போர்வை நுனியை வாயில் அடைத்துக்கொள்வாள். அதையெல்லாம் இவள் மருந்தின் தலையில் கட்டியிருந்தாள்.

அம்மா பசித்துத் தின்கிறாளா, எதிரே உட்கார்ந்து தின்னும் மகளுக்காகத் தின்கிறாளா என்று பார்க்க இவளுக்குத் தோன்றவேயில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன்.

"எங்க இருக்க நீ? நான் ஊட்டப் போனா அம்மா கடிக்கிற மாதிரி பாக்கறாங்க. என்னமோ வெஷம் வச்சிருக்கற மாதிரி. நீ வந்து உக்காந்தாதான் மகாராணி வாயத் தொறப்பாங்க போல."

அவனுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல், நூலாக இழைந்து வந்தது. "அவ வரட்டும்பா. அவளோட சேந்து சாப்பிடறேன்."

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இதோ கெளம்பிட்டேண்ணா. வந்து பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

"சரி, நீ வர்றதுக்குள்ள சோத்தக் குழைச்சு வச்சிடட்டுமா?"

"வேணாண்ணா," என்றாள். "ரெண்டு பேருக்குமே வேணாம்."