அக்கா பிரிக்காத தையல்

அக்கா இறந்து மூன்று வருடமாகிறது. ஆனாலும் நான் தைப்பதையெல்லாம் இன்னும் பிரித்துப் போடுகிறாள். தலையணை உறையோ திரைச்சீலையோ, விடிந்து பார்த்தால் துணி ஒரு பக்கம், அழகாகச் சுற்றிய நூல் ஒரு பக்கம் கிடக்கும். உயிரோடு இருந்தபோதும் இதே கதைதான். "இதுக்குப் பேரு தையலாடி? கோழி கிளறின மாதிரி இருக்கு!"

இந்த முறை அவள் மகளுக்குத் தைத்தேன். பிள்ளை வேலைக்காகக் குளிர் நாட்டுக்குக் கிளம்புகிறாள். அக்காவின் பட்டுப்புடவையையும், பிள்ளை முதன்முதலில் போட்ட கவுனையும் சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளே பஞ்சு வைத்து ஒரு கோட்டு. பிரித்துவிட்டால் மறுபடி தைக்க நேரமில்லை.

"சித்தி, அம்மா இதை விட்டுவைப்பாங்களா?"

"கை வைக்கட்டும், பார்த்துக்கறேன்!"

கிளம்பும் நாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு தையல்கூடப் பிரியவில்லை. ராத்திரி நான் ஹேங்கரில் மாட்டிவைத்த கோட்டு, இப்போது கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்திருந்தது. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது.

பொத்தான்களைக் கழற்றிப் பிள்ளையிடம் நீட்டினேன். கையை நுழைத்தவள் அப்படியே நின்றாள்.

"உள்ளே சூடா இருக்கே சித்தி! நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

"நான் இல்லடி" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.