பதினோரு வரி

“த்தூ! இதைப் பாத்தாலே குமட்டுது. யாரு பண்ண வேலை இது?”

அருள்முருகன் போட்ட சத்தத்தில், மதியச் சாப்பாட்டில் இருந்தவர்கள் டிபன் பாக்ஸை மூடிவிட்டார்கள். அவன் முகத்தைச் சுளித்தது சாப்பாட்டைப் பார்த்து அல்ல, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து.

“நான்தாங்க சார்” என்று எழுந்து நின்றாள் லாவண்யா.

பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம், மாடியில் இருந்தது அவன் நடத்திய அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலைக்கு, லாரிகளை எடை போட்டுப் பதிகிற புரோகிராம் அவர்களுடையது. அதில் ‘கிளாஸ்’ என்கிற தனித்தனிப் பகுதிகள், லாரிக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என்று மொத்தம் ஐம்பத்திரண்டு. டேட்டாபேஸோடு எப்படிப் பேசுவது என்ற அதே பதினோரு வரியை ஐம்பத்திரண்டின் தலையிலும் ஒட்டி வைத்திருந்தார்கள். லாவண்யா அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பேஸ் கிளாஸ் போட்டு, அதில் ஒரே வரியாக வைத்திருந்தாள்.

“பதினோரு வரி இருந்த எடத்துல ஒரு வரி! சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?”

“அந்தப் பதினோரு வரியத்தான் சார் பாக்கச் சகிக்கல. ஒண்ண மாத்தணும்னா அம்பத்திரண்டு எடத்துல மாத்தணும்ங்க.”

அந்தப் பதினோரு வரியும் அருள்முருகன் எழுதியவை. அவனுக்குச் சுருக்கென்றது.

“ஆலத்தியூர்லேருந்து பஸ் ஏறி வந்துட்டா டிசைன் தெரிஞ்சுருமா? சாயங்காலத்துக்குள்ள ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு.”

லாவண்யா வீட்டை நினைத்துக்கொண்டாள். அப்பா வேலையை விட்டு நின்ற பிறகு வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. தங்கைக்குக் காலேஜ் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

“வேலைன்னா எப்படி இருக்கணும்னு பாத்துட்டுப் போ” என்று அவளை இழுத்து நிறுத்தாத குறையாகத் திரையைக் காட்டினான். டேட்டாபேஸோடு பேச உலகமே இலவசமாகப் பயன்படுத்துகிற லைப்ரரி, யார் வேண்டுமானாலும் எழுதிச் சேர்க்கக்கூடிய புரோகிராம் தொகுப்பு அது. முந்தின நாள்தான் புதுப் பதிப்பு வந்திருந்தது. பேஸ் கிளாஸுக்கான அமைப்பை இப்போது ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தின் உச்சியில் ‘உ’ என்று ஒற்றை எழுத்து நின்றது. “நம்ம சிஸ்டத்துல ஃபாண்ட் கோளாறு” என்று அதைத் தாண்டிப் போனான்.

“பாரு, ஒரே வரி! வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.”

“நான் பண்ணதும் அதேதானுங்களே சார். ஏன்னா அது...”

“வாய மூடு. அவன் செஞ்சா டிசைன். நீ செஞ்சா சோம்பேறித்தனம்.”

இப்படியும் ஒரு பிறவி.

லாவண்யா செய்ததை அழித்துவிட்டுத் தன் பதினோரு வரிகளையும் திரும்பப் போட்டான். வீம்புக்கு, ஆலையில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமிலேயே புது லைப்ரரியையும் ஏற்றினான். இரண்டும் ஒத்துப்போகவில்லை. புரோகிராம் படுத்துவிட்டது.

பத்து நிமிஷத்தில் ஆலையிலிருந்து போன். “என்ன சார் பண்ணி வச்சீங்க? எடை மேடையில ஒரு லாரியும் நகரல. ரோடு வரைக்கும் அடைச்சு நிக்குது!”

அருள்முருகனுக்கு வேர்த்துக் கொட்டியது. எதையெதையோ மாற்றிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. லைப்ரரியில் அந்த ஒரு வரியை எழுதியவரிடம் சந்தேகம் கேட்க, பெயர் இல்லாமல் ஒரு மெயில் முகவரி மட்டும் இருந்தது. “மை டியர் ரெஸ்பெக்டட் சார்” என்று ஆரம்பித்து, தங்களைப் போன்ற மேதை உண்டா என்று நாலு இடத்தில் குழைந்து, காப்பாற்றச் சொல்லி இங்கிலீஷில் எழுதினான். சற்று முன் ஒரு பெண்ணை வெளியே போகச் சொன்ன வாய் இப்போது எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மெயிலை அனுப்பிவிட்டு நிமிர்ந்தவன், “இன்னும் நிக்கிறியா? ராஜினாமா எங்க?” என்று எரிந்து விழுந்தான்.

லாவண்யா பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்.

“சார், நீங்க இப்ப அனுப்புன மெயில் எனக்குத்தாங்க வந்துருக்கு.”